சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த இரண்டு பிள்ளைகள்

ஒரே ஆசிரியரின் பார்வையில் தஞ்சாவூரில் வளர்ந்த இரண்டு பையன்கள், பெரியவர்களான பிறகு ஆளுக்கொரு குறவஞ்சி படைத்தார்கள். ஒருவர் கிறிஸ்தவர், வேதநாயகம் சாஸ்திரியார். அவர் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி, ஆண்டு 1800. இன்னொருவர் இந்து, தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் பெயரில் வழங்குவது மராத்தியில் உள்ள தேவேந்திர குறவஞ்சி.

குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்குத் தெரியும், குறத்தி வந்தால் சும்மா குறி சொல்ல மாட்டாள். தான் சுற்றிய மலை, ஆறு, நாடு எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லிவிட்டுத்தான் கையைப் பார்ப்பாள். இந்த இருவரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குறத்தி வாயில் உலக பூகோளத்தையே வைத்துவிட்டார்கள். சாஸ்திரியார் இன்னும் ஒரு படி மேலே போய், சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸின் வானியலையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். பள்ளிக்கூடப் பாடமும் ஊர்க் கலையும் ஒன்றாகக் கலந்த இடம் இது. இது எப்படி நடந்தது என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தேடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துச் சர்ச் ஒன்றில் வாலிபர் ஐக்கியம் நடத்தும் நண்பர் ஒருநாள் புலம்பினார்: "வாரத்துல ஒன்றரை மணி நேரம்தான் பிள்ளைங்க எங்ககிட்ட இருக்காங்க. மீதி பூரா ஸ்கூலு, டியூஷன், ஃபோனு. நாங்க என்ன சொல்லி என்ன ஆவப்போவுது?" பிள்ளைகள் இவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு என்று சம்பளமில்லாமல் ஓடுகிற மனிதர். இந்தக் கவலை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வளர்ந்த பிள்ளை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரில் இதற்கு 200 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். பிறகு திருச்சி, 1778 முதல் தஞ்சாவூர். 1798இல் சாகும்வரை, கிட்டத்தட்ட 48 வருஷம், ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தமிழ் லுத்தரன் வழக்கப்படி போதகரை 'ஐயர்' என்பார்கள், ஆகவே ஊருக்கு இவர் சுவார்ட்ஸ் ஐயர்.

1781இல் ஹைதர் அலியின் படை காவிரிப் படுகைக்குள் புகுந்தபோது விளைச்சல் போயிற்று, பஞ்சம் வந்தது. முன்கூட்டியே நெல் வாங்கி வைத்திருந்த சுவார்ட்ஸ், பசித்து வந்தவர்களுக்குச் சோறு போட்டார். ஊரை விட்டு ஓடிய குடியானவர்கள், அரண்மனை வாக்கை நம்பித் திரும்ப மறுத்தார்கள். சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகு ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து வயலில் இறங்கினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனிதரின் பேச்சுக்கு ஊரில் இருந்த மதிப்பு பிரசங்கத்தால் மட்டும் வந்ததல்ல. பிள்ளைகளை அவரிடம் விட்டவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் விட்டார்கள்.

முதல் பையன் வேதநாயகம். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். 1785 வாக்கில் திருநெல்வேலிப் பக்கம் போன சுவார்ட்ஸ், தேவசகாயம் என்பவரின் மகனிடம் பாட்டும் புத்தியும் இருப்பதைப் பார்த்தார். தகப்பனார் சம்மதிக்க, 12 வயதுப் பையன் தஞ்சாவூர் வந்து சேர்ந்தான். பிறகு மேல்படிப்புக்குத் தரங்கம்பாடி. அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சி. எஸ். ஜான். போதகராக இருந்துகொண்டே சோழமண்டலக் கடற்கரையின் மீன்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய இயற்கை ஆய்வாளர். நம்மூர்க் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு இன்றும் 'ஜானியஸ்' என்று அவர் பெயர்தான். அப்படிப்பட்டவரிடம் வேதநாயகம் வேதத்தோடு வானியல், உடற்கூறு, கணிதமும் படித்தார். 1794இல், 20 வயதை ஒட்டி, தஞ்சாவூர் மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகத் திரும்பினார்.

இரண்டாவது பையன் சரபோஜி. 1777இல் பிறந்து, 1787இல் மன்னர் துளஜாவால் தத்து எடுக்கப்பட்டவர். அப்போது வயது 9. சாகும் தறுவாயில் துளஜா, பையனைப் பார்த்துக்கொள்ளும்படி சுவார்ட்ஸைக் கேட்டார். அந்தப் பொறுப்பை முழுதாக ஏற்கத் தயங்கிய சுவார்ட்ஸ், துளஜாவின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்கச் சொன்னார். அமர்சிங்கோ தானே அரியணை ஏறினார். தத்து செல்லாது என்று பண்டிதர்களிடம் கருத்தும் வாங்கப்பட்டது. பையன் அரண்மனைக்குள் அடைபட்டு, படிப்பும் இல்லாமல் கிடந்தான். சுவார்ட்ஸ் சென்னை அரசுக்கு விடாமல் எழுதினார். 1793 ஜனவரியில் சரபோஜியையும் துளஜாவின் விதவை ராணிகளையும் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு போதகர் பாடம் சொன்னார். அப்போது சரபோஜிக்கு 15 வயது. இன்றைய கணக்கில் பத்தாங்கிளாஸ் பையன்.

இதே காலத்தில்தான் பள்ளிக்கூடக் கதையும் வருகிறது. தஞ்சாவூர் ரெசிடென்ட் ஜான் சலிவன் போட்ட திட்டப்படி தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கின. சுவார்ட்ஸ் பொறுப்பேற்றார். 1787இல் கம்பெனி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கியது. வந்து சேர்ந்தவர்களில் பிராமண, வியாபாரிக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் வந்தது ஆங்கிலத்துக்காக, அதாவது வேலைக்காக. அது தெரிந்தேதான் சுவார்ட்ஸ் நடத்தினார். ஏமாற்றி யாரையும் மதத்துக்குள் இழுக்கும் வழிகள் இந்தப் பள்ளிகளில் இருக்காது என்றும் எழுதி வைத்தார்.

இதில் கம்பெனியின் கணக்கையும் மறக்கக் கூடாது. தங்கள் மொழி தெரிந்த ஆட்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். மறு வருஷமே, 1799 உடன்படிக்கையில், நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சுவார்ட்ஸ் காப்பாற்றிய பையனுக்குக் கிரீடம் கிடைத்தது, ராஜ்யம் கிடைக்கவில்லை. நல்ல மனசோடு செய்த வேலைக்கும் காலம் தன் வட்டியை வசூலித்துக்கொண்டது.

சரி, பையன்கள் என்ன ஆனார்கள்?

சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. பின்னாளில் காசி யாத்திரை போய்வந்தார். ஆனால் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று அவர் செய்ததிலேயே தெரிகிறது. சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். 1805இல் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். அதில் ஈசாப் கதைகள் மராத்தியில் அச்சாயின, பிள்ளைகள் படிக்க. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் சோறு போட்டதோடு பள்ளிக்கூடமும் நடத்தினார். சுவார்ட்ஸ் இறந்தபோது நேரில் வந்து அழுதார், கல்லறைக்கு ஆங்கிலத்தில் அவரே கவிதை எழுதினார்.

வேதநாயகம் சபையிலேயே நிலைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் சர்ச்சுகளில் பாடுகிறார்கள். ஆனால் அவர் கதையும் நேர்க்கோடு இல்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், கோவிலுக்குள் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். தமிழ்ப் பாட்டு, பூ அலங்காரம் இவற்றிலும் கை வைத்தார்கள். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதி விஷயத்தில் இல்லை. கோப்பர்நிக்கஸைப் பாட்டில் வைத்தவர், சாதி வரிசையைக் காப்பாற்றத் தனியே நூல் எழுதினார் என்பது படிக்கச் சங்கடமான உண்மை. மிஷனோடு முறிந்த அவரைத் தன் அவையில் ஆதரித்தவர் யார் தெரியுமா? சரபோஜிதான்.

ஆக, ஒருவர் ஆசிரியரின் மதத்துக்கு வரவில்லை. இன்னொருவர் மதத்தில் இருந்தும் ஆசிரியருக்குப் பின் வந்தவர்களோடு மோதினார். அச்சில் வார்த்த மாதிரி யாரும் வரவில்லை. மிஷன் அறிக்கைக் கணக்கில் இது அரை வெற்றிதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவார்ட்ஸ் இந்தப் பையன்களைப் புதுப் படிப்பிலிருந்து ஒளித்து வைக்கவில்லை, அதற்குப் பக்கத்திலேயே நின்றார். ஊர்ப் பாட்டையும் கூத்தையும் விட்டுவிட்டு வா என்று கேட்டிருந்தால் குறவஞ்சி பிறந்திருக்காது. பையன் அடைபட்டுக் கிடந்தபோது வருஷக்கணக்கில் மனு எழுதினார். சாதி விஷயத்தில் அவர் தலைமுறை காட்டிய தளர்வின் விலையும் பிறகு தெரிந்தது. வளர்க்கிறவர் சொல்லாமல் விட்டதையும் பிள்ளை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்க பசங்க டிவைன் மெசேஜ விட, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நான் போன் பண்ணினததான் ஞாபகம் வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். ஒன்றரை மணி நேரக் கணக்கில் அந்த ஃபோன் சேராது. சேர்க்கணும்.

தஞ்சாவூர் போனால் சிவகங்கைப் பூங்கா அருகே கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் சர்ச்சைப் பாருங்கள். 1779இல் கட்டியது. சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த வெள்ளைப் பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது. படுக்கையில் கிழவர், கையைப் பிடித்தபடி இளம் மன்னர். அவசரப்படாமல் பார்த்தால், கட்டிலோரம் பள்ளிக்கூடப் பையன்களும் நிற்பது தெரியும்.