ஆவாரம்பட்டை வியாபாரியின் பேரன்

எங்கள் தாத்தா ஆவாரம்பட்டை வியாபாரி. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கரட்டுக்காடுகளில் உரித்த பட்டையை வாங்கி, மூட்டை கட்டி, மாட்டு வண்டியில் தோல் ஷாப்புகளுக்குப் போட்டு வந்தவர். அவர் பேரனான நான் வாசலில் ஆசையாக வளர்த்த செடி ஆவாரையே இல்லை என்பது போன பொங்கலுக்குத்தான் தெரிந்தது.

ஓய்வு பெற்றதும் நர்சரி ஒன்றில் 'ஆவாரம்' என்று கேட்டுத்தான் வாங்கினேன். மஞ்சளாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், திண்ணையில் இருந்த அத்தை (வயது 88) கேட்டார்: "என்னப்பா இது, சீமைப்பூவைக் கொண்டாந்து கட்டியிருக்க? இதுக்குக் காது எங்க?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் காட்டில் போய் உண்மையான ஆவாரங்கிளை ஒன்றை ஒடித்து வரச் சொல்லிக் காட்டினார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இருபுறமும் காது மடல் போல அகலமான சிற்றிலைகள் இரண்டு. இலை முற்றினாலும் அவை உதிர்வதில்லை. என் செடியில் அந்த இடத்தில் மெல்லிய நூல் போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். பிறகு புத்தகத்தைப் புரட்டியபோது சிரிப்பு வந்தது. 1753இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் 'காசியா ஆரிகுலேட்டா'. ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது. (இப்போது காசியா போய் சென்னா ஆகிவிட்டது.) பள்ளிக்கூடம் போகாத அத்தையும் லத்தீன் படித்த லின்னேயஸும் பிடித்தது ஒரே காதைத்தான்.

இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. ஆவாரையில் ஒவ்வொரு ஜோடி இலைக்கும் நடுவே குச்சி போல ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். சீமைச்செடியில் அது அடியிலுள்ள இரண்டு மூன்று ஜோடிகளோடு நின்றுவிடும். ஆவாரங்காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியது.

பூவைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. மடலேறுகிறவன் பனைமடல் குதிரைக்குச் சூட்டியதும் இதைத்தான். எங்கள் வீட்டில் சோறு போட்டதென்னவோ பட்டைதான். அதை யாரும் பாடவில்லை!

கிளைகளை வெட்டி, கட்டையால் தட்டிப் பட்டையை உரித்துக் காயவைப்பார்கள். அதில் சுமார் 18 சதவீதம் துவர்ப்புச்சத்து. அந்தத் துவர்நீர்த் தொட்டிகளில் ஊறிய தோல் இளம் மஞ்சளாக, மிருதுவாக வரும். வெயில் பட்டால் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முக்கு. சென்னை ராஜதானியிலிருந்து கப்பலேறி 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கிய மாட்டுத்தோல் இதுதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இது அவசியப்பட்டு, அரசாங்கமே ஏற்றுமதியைக் கையில் எடுத்துக்கொண்டது.

பிறகு வாட்டில் வந்தது. ஆஸ்திரேலிய மரம், தோட்டம் போட்டது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில். நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போனார்களே, அதே நேட்டால். அதன் பட்டையில் துவர்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. கரடு கரடாக அலைந்து சேர்க்கும் பட்டை அதோடு எப்படிப் போட்டிபோடும்? இன்னொரு பக்கம் குரோம் பதனிடலும் பரவியது. தாத்தா வண்டியை விற்ற வருடம் எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பு என்று மட்டும் அப்பா சொல்வார்.

விடுதலைக்குப் பிறகு அந்த வாட்டிலை நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலுமே நட்டார்கள். அது புல்வெளிகளை விழுங்கிப் பரவி, இன்று அதை வெட்டி அகற்ற வழக்கும் செலவும் நடக்கின்றன. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கொடைக்கானல் மலை தெரியும். பார்க்கும்போதெல்லாம் தாத்தாவின் வண்டி ஞாபகம் வரும்.

சீமைச்செடியைப் பிடுங்கவில்லை, அது என்ன பாவம் செய்தது? வேலியோரம் ஆவாரை விதைத்தேன். விதைத்தோல் கெட்டி. முதல் தடவை அப்படியே ஊன்றியதில் ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த தடவை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, வளரும் இடத்திலேயே ஊன்றினேன். ஆணிவேர் ஆழமாக ஓடும் செடி, பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தண்ணீர் அதிகம் ஊற்றக்கூடாது, வேர் அழுகிவிடும். ஆடும் அவ்வளவாகக் கடிக்காது.

இப்போது ஏழு செடி முழங்கால் உயரம் நிற்கின்றன. இன்னும் பூக்கவில்லை. அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிய முடியாமல், ஒரு கிளையை என்னையே வளைக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார்.

"ம்ம், காது இருக்கு" என்றார்.