மாட்மார்க்: ஏரியும் தீர்ப்பும்

ஸ்விட்ஸர்லாந்தின் வாலே மாநிலத்தில் ஸாஸ் பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமம் ஸாஸ் அல்மகெல். அதைத் தாண்டினால் சைக்கிளில் வருகிறவருக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறி முடிந்ததும், சுமார் 2200 மீட்டர் உயரத்தில், மாட்மார்க் அணை. கான்க்ரீட் சுவரை எதிர்பார்த்துப் போகிறவர் காண்பது ஒரு குன்றை. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கல்லையும் மண்ணையும் குவித்தே 120 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் பத்துக் கோடி கன மீட்டர் தண்ணீர். கரையைச் சுற்றிக் காலாற நடந்துவிட்டு இறங்கிவிடலாம்.

ஏரி இங்கே புதிதல்ல. முற்காலத்தில் அல்லலின் பனியாறு மலையிலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கின் குறுக்கே படுத்து ஆற்றை மறித்தது. மனிதனுக்கு முன்பே பனி கட்டிய அணை. அது உடைந்தபோதெல்லாம் கீழே வெள்ளம். 1633, 1680 இரண்டும் கொடியவை. அந்தப் பனியாற்றின் சுபாவம் முந்நூறு வருஷமாக ஊரறிந்த சங்கதி.

1960களில் அணை வேலை நடந்தபோது தொழிலாளர் கொட்டகைகள், காண்டீன், பட்டறைகள் எல்லாம் அதே பனியாற்றின் நாக்குக்கு நேர் கீழே போடப்பட்டன. வேலைத்தலம் பக்கத்தில் இருப்பது சௌகரியம். 1965 ஆகஸ்ட் 30, மாலை ஐந்தேகால் மணிக்கு நாக்கு பிய்ந்து விழுந்தது. சுமார் இருபது லட்சம் கன மீட்டர் பனியும் கல்லும். இறந்தவர் 88 பேர்; அதில் 56 பேர் இத்தாலியர், பெல்லூனோ போன்ற மலை மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கடைசி உடலை எடுக்க மாதங்கள் ஆயின.

1972இல் விஸ்ப் நகரில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. முன்கூட்டிக் காண இயலாத சம்பவம் என்பது நீதிமன்றத்தின் நிலை. எந்த நிமிஷத்தில் விழும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் ஆட்களை ஏன் அதன் கீழே நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கும் பனியின் நாள்கணக்குக்கும் சம்பந்தமில்லை. ‘எதிர்பாராதது’ என்கிற சொல் வாக்கியத்தின் எழுவாயை மாற்றிவிடுகிறது: கொட்டகை போட்டவர்கள் போய், பனி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மேல்முறையீட்டிலும் விடுதலைதான். கூடவே, வழக்குச் செலவில் பாதியை இறந்தவர்களின் குடும்பங்கள் கட்டவேண்டும் என்றும் ஆயிற்று. இத்தாலியில் கொதித்தார்கள். நாள் முழுதும் பற்றும் வரவும் எழுதுகிற எனக்கு இந்தத் தொகையை எந்தக் கணக்கில் வைப்பதென்று புரியவில்லை.

அணை 1969இல் திறக்கப்பட்டது. அல்லலின் இப்போது வெகுவாகச் சுருங்கி மேலே போய்விட்டது. அது எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று, ஏரிக்கரையில் நடக்கிறவருக்கு யாராவது கை நீட்டிக் காட்டவேண்டும்.