ஊசி மயக்கமா, கேஸ் மயக்கமா? நுரையீரல் ஆபரேஷனின் கதை

1/ "டாக்டர், அப்பாவுக்கு ஊசி மயக்கம் நல்லதா, கேஸ் மயக்கம் நல்லதா?" நுரையீரல் ஆபரேஷனுக்கு அப்பாவை அட்மிட் பண்ணியிருந்த தம்பி வார்டில் கேட்டார். நான் மயக்கவியல் நிபுணர் இல்லை, எம்.பி.பி.எஸ். தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

2/ 1846-ல் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்யலாம்னு காட்டினார். ஆனா அதுக்கப்புறமும் நெஞ்சைத் திறக்கப் பயம். திறந்ததும் வெளிக்காற்று புகுந்து, நுரையீரல் காற்று போன பலூன் மாதிரி சுருங்கிடும். வலிக்கு மருந்து இருந்தது, மூச்சுக்கு வழி இல்லை.

3/ 1904-ல் பிரெஸ்லாவ் நகரில் சாவர்ப்ரூக் காற்றழுத்தம் குறைந்த ஒரு அறையே செஞ்சார். நோயாளியின் உடம்பும் டாக்டர்களும் உள்ளே, நோயாளியின் தலை மட்டும் வெளியே! பிறகு மூச்சுக்குழாயில் டியூப் விட்டுக் காற்றைச் செலுத்தும் முறை வந்து, அந்த அறைக்கு வேலையில்லாமல் போச்சு.

4/ 1932-ல் கேல், வாட்டர்ஸ் இருவரும் ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி மயக்கம் கொடுக்கும் முறையை எழுதினாங்க. 1933-ல் செயின்ட் லூயிஸில் எவர்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை முழுசா எடுத்தார். நோயாளியும் ஒரு டாக்டர். அதுக்கப்புறம் 30 வருஷம் வாழ்ந்தார்!

5/ சரி, மருந்துக்கு வருவோம். ஈதரும் சைக்ளோப்ரொப்பேனும் தீப்பிடிக்கும். ஒரு பொறி போதும். 1956-ல் பயன்பாட்டுக்கு வந்த ஹாலோதேன் தீப்பிடிக்காது.

6/ ஆனா ஒரு சிக்கல். காற்று போகாத நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைத் தானே சுருக்கி, ரத்தத்தை அடுத்த நுரையீரலுக்குத் திருப்பிவிடும். கேஸ் மருந்துகள் இதைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். 1986-ல் சந்தைக்கு வந்த ப்ரொப்போஃபால் ஊசி அப்படிச் செய்யாது.

7/ அப்போ ஊசிதான் ஜெயிச்சதா? இல்லை. இன்றைய கேஸ் மருந்துகளில் அந்தப் பாதிப்பு குறைவு. நுரையீரல் அழற்சியைக் குறைப்பதில் கேஸ் மேல்னு சில ஆய்வுகள் சொல்லுது. 2016-ல் வெளிவந்த சுவிஸ் ஆய்வில், பெரிய சிக்கல்கள் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

8/ தம்பிகிட்ட சொன்னேன்: "அதை மயக்க டாக்டர் அப்பாவைப் பார்த்து முடிவு பண்ணுவார். நீங்க அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையையும் சொல்லுங்க. பீடியை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

9/ சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் எழுதியவர்களில் கிரஹாமும் ஒருவர். அவரும் சிகரெட் பிடிச்சவர்தான். நிறுத்தினார், ஆனா தாமதமா. 1957-ல் அதே நோயில் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அப்போதும் உயிரோடு இருந்தார்.