தொங்கு கூரையும் விளக்கும்: திருவொற்றியூர்ப் பகுதி

கான்கிரீட் தளத்துக்குக் கீழே கம்பிகளால் தொங்கவிடப்படும் இரண்டாவது கூரையே தொங்கு கூரை. கடைவீதியிலும் வேலைத்தளத்திலும் இதற்கு ஃபால்ஸ் சீலிங் என்றே பெயர். டி வடிவ உலோகச் சட்டங்களை 600 மில்லிமீட்டர் சதுரங்களாகக் கோத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பலகையையோ விளக்கையோ வைப்பார்கள். இன்றும் இரண்டடிக்கு இரண்டடி என்று கேட்டு வாங்குவோரே மிகுதி.

சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இத்தகைய கூரை இல்லை. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துத் தளம் அமைத்தனர். விளக்கு உத்திரத்திலிருந்தே தொங்கியது. பின்னர் திருவொற்றியூர் தொழிற்சாலைகளின் ஊராயிற்று. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கு ஒரு சிறு கொட்டகையில் பலூன் தயாரிப்பைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும் இங்கேதான் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. பணியிடங்களில் போதிய வெளிச்சம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து வைக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு மறக்காமல் சொன்னது! பொதுவாக இத்தகைய தொழிற்கூடங்களில் விளக்கின் எடையைக் கூரையின் இரும்புச் சட்டகமே தாங்கியது.

குளிரூட்டப்பட்ட அலுவலகங்கள் வந்தபோது குழாய்களையும் மின்கம்பிகளையும் மறைக்க வேண்டியதாயிற்று. பலகையைக் கீழிருந்தே தூக்கி எடுக்கத்தக்க தொங்கு கூரைக்கு அமெரிக்காவின் டொனால்டு பிரவுன் 1961இல் காப்புரிமை பெற்றார். விளக்கு உத்திரத்தை விட்டுச் சட்டத்துக்கு இடம் மாறியது இத்தகைய கூரைகளால்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. அந்த மெல்லிய சட்டம் பலகையின் எடைக்காகச் செய்யப்பட்டது. இரும்புச் சோக்குடன் கூடிய டியூப் லைட் பெட்டியோ அதைவிடப் பன்மடங்கு கனமானது.

1994 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பள்ளிகளின் கூரை விளக்குகள் பல விழுந்தன. அப்போது அதிகாலை 4.31 மணி, அது விடுமுறை நாளும்கூட. வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. சென்னையும் 2002ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 திருத்தத்தில் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைக்கப்பட்டது என்பதால் இது தொலைதூரச் செய்தி அன்று.

எனவே விளக்குப் பெட்டியின் எதிரெதிர் மூலைகள் இரண்டிலிருந்து தனிக் கம்பிகளை மேலே கொண்டுபோய், கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட்டால் பிணைப்பதே சரியான முறை. குளிரூட்டும் குழாயில் கட்டுவது சோம்பேறித்தனமே. ஜிப்சம் பலகையில் துளையிட்டுப் பொருத்தும் சிறு விளக்குகளுக்கு ஸ்பிரிங் கொக்கி போதும், கனமானவற்றுக்குப் போதாது. எந்த வேலைக்கும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்துக்கொள்ள வேண்டும்.

திருவொற்றியூருக்கு இன்னொரு பகை, கடற்காற்று. கம்பியின் துத்தநாகப் பூச்சை உப்பு மெல்ல அரிக்கும்; பலகைக்கு மேலே நடப்பதால் அது கண்ணில் படாது. எல்.இ.டி. பேனல் எடை குறைவு என்று பலர் தனிக் கம்பியே கட்டுவதில்லை. பழைய டியூப் லைட் பெட்டியைக் கழற்றும் நாளில் பக்கத்துப் பலகையையும் தூக்கி, டார்ச் அடித்து அந்தக் கம்பிகளைப் பார்த்துவிடலாம். துரு ஏறியிருந்தால் அன்றே மாற்றுவது எளிது.