கிளர்ச்சித் தலைவன் முதல் ஜார் வரை: சோவியத் பாலேயில் தனிமொழியின் அரசியல்

அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி சொல்லால் ஆனது: ஆணை, உடன்படிக்கை, மேடைப்பேச்சு, கடிதம். பாலேயில் சொல்லுக்கு இடமில்லை. நம் நாட்டிய நாடகத்தில் பாட்டு கதையைச் சொல்ல, ஆடுபவர் அதற்கு அபிநயம் பிடிக்கலாம். பாலே நடனக்கலைஞருக்கு அந்தத் துணையும் கிடையாது. அப்படியிருக்க, ஒரு தலைவனின் வாழ்க்கையை உடலை மட்டும் கொண்டு எப்படிச் சொல்வது? 1956 முதல் 1975 வரை சோவியத் அரங்குகள் இக்கேள்விக்கு விடை தேடின. ‘ஸ்பார்ட்டகஸ்’ மீண்டும் மீண்டும் மேடையேறியதும், அதன் தொடர்ச்சியாக ‘இவான் கொடுங்கோலன்’ பிறந்ததும் அந்தத் தேடலின் தடங்கள். விடையைத் தந்தது கருப்பொருளன்று, தனிமொழி என்னும் வடிவ உத்தியே என்பது இக்கட்டுரையின் வாதம். வரலாறு யார் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்த மேடையை, அதிகாரமும் தலைமையும் ஒரு மனிதனை என்ன செய்கின்றன என்று கேட்க வைத்தது அந்த உத்தி. அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

கருப்பொருளைத் தேர்ந்ததில் வியப்பில்லை. கி.மு. 73இல் கப்புவா நகரின் கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்திலிருந்து எழுபது பேரளவில் தப்பியோடி, ஸ்பார்ட்டகஸ் தலைமையில் தொடங்கிய அடிமைக் கிளர்ச்சி, இரண்டாண்டுகள் ரோமாபுரியை உலுக்கியது. 1861இல் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் ஸ்பார்ட்டகஸை வெகுவாகப் புகழ்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்ட்டும் தங்கள் குழுவுக்கு அவன் பெயரைச் சூட்டினர். 1948இல் கட்சியின் கண்டனத்துக்கு ஆளான அராம் காச்சதூரியன், 1950இல் ‘ஸ்பார்ட்டகஸ்’ பாலேக்கு இசையமைக்கத் தொடங்கி 1954இல் முடித்தார். கதைவடிவம் தந்த நிக்கொலாய் வோல்கோவ், 1934இல் லெனின்கிராடில் அரங்கேறிய ‘பக்சிசராய் நீரூற்று’ பாலேக்கும் கதை எழுதியவர். நாடகத்தைப் போல நிகழ்ச்சிகளை அடுக்கி, நடனத்தைவிட ஊமைச் சைகைகளை நம்பிய ‘நாடக பாலே’ மரபின் முத்திரைப் படைப்பு அது. ஆகவே ஸ்பார்ட்டகஸின் முதல் எழுத்துவடிவமும் நிகழ்ச்சிகளின் அணிவகுப்பாகவே இருந்தது.

1956 டிசம்பர் 27 அன்று லெனின்கிராடின் கீரோவ் அரங்கில் லியோனித் யாகப்சன் இதை மேடையேற்றினார். நுனிக்கால் காலணியைக் களைந்து, நடனக்கலைஞர்களுக்குச் செருப்பணிவித்து, பண்டைய கற்சிற்பப் புடைப்புகள் அசைவதைப் போல அவர் அமைத்த காட்சிகள் துணிச்சலானவை. லெனின்கிராடில் வரவேற்பும் பெற்றன. ஆனால் அங்கே ஸ்பார்ட்டகஸ் ஒரு மாபெரும் சுவரோவியத்தில் ஓர் உருவம் மட்டுமே. 1958இல் போல்ஷோய் அரங்குக்காக ஈகொர் மொய்சேயெவ் அமைத்த வடிவம் விரைவில் மேடையை விட்டு நீங்கியது. 1962இல் யாகப்சன் போல்ஷோயில் புதிதாக அமைத்த வடிவம் அதே ஆண்டில் நியூயார்க் விமர்சகர்களிடம் கடும் கண்டனத்தைச் சம்பாதித்தது. கூட்டமும் விருந்தும் ஊர்வலமும் நிறைந்த மேடையில் தலைவன் ஏன் தலைவனானான் என்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

1968 ஏப்ரல் 9 அன்று போல்ஷோயில் அரங்கேறிய யூரி கிரிகோரோவிச்சின் வடிவம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அவர் கதையை மூன்று அங்கங்களாகவும் பன்னிரண்டு காட்சிகளாகவும் சுருக்கி, இடையிடையே ஒன்பது தனிமொழிகளை வைத்தார். தனிமொழியின்போது கூட்டம் மறையும். ஒருவர் மட்டும் ஒளியில் நின்று தன் மனத்தை ஆடுவார். முதல் அங்கத்தில் கண்மறைக்கும் தலைக்கவசம் மாட்டிய இரு அடிமைகள் ஒருவரையொருவர் தடவித் தேடி மோதுகின்றனர். வென்றவன் கவசத்தைக் கழற்றுகிறான்: அவன் ஸ்பார்ட்டகஸ். விழுந்தவன் முகத்தைத் திறந்தால், அவன் தன் நண்பன். அடுத்து வருவது விளாதிமிர் வசீலியெவ் ஆடிய தனிமொழி. கிளர்ச்சி செய்யும் முடிவு அந்தக் குற்றவுணர்விலிருந்து பிறக்கிறது. மேடை நிறைந்த முந்தைய வடிவங்களில் கிளர்ச்சி கூட்டத்தின் ஆவேசமாக இருந்தது. இங்கே அது ஒரு மனசாட்சியின் முடிவு. எதிரியான ரோமானியத் தளபதி க்ராசுஸுக்கும் கிரிகோரோவிச் இதே கனத்தைக் கொடுத்தார். மாரிஸ் லீபா ஆடிய க்ராசுஸ் வெறும் கொடியவனல்லன்; ஸ்பார்ட்டகஸால் தோற்கடிக்கப்பட்டு, இகழ்ச்சியோடு உயிர்ப்பிச்சை பெற்ற அவமானத்தில் வேகிறவன்.

இதெல்லாம் வரலாறா என்ற ஆட்சேபம் நியாயமானது. பண்டைய வரலாற்றாசிரியர் ப்ளூடார்க்கின் குறிப்பில் ஸ்பார்ட்டகஸின் மனைவி குறிசொல்லும் பெண்ணாக வருகிறாள். அவளுக்குப் பெயர் தரப்படவில்லை. பாலேயில் அவளுக்குத் தரப்பட்ட பிரிகியா என்ற பெயரும் அவளுடைய காதல் நடனங்களும் கற்பனை. இறுதிப்போரில் ஸ்பார்ட்டகஸ் க்ராசுஸை நோக்கிப் பாய்ந்தும் அவனை எட்டவில்லை என்கிறார் ப்ளூடார்க். நேருக்கு நேர் மோதலும் மன்னிப்பும் மேடையில் மட்டுமே நிகழ்ந்தவை. ஸ்பார்ட்டகஸின் உடல் கிடைக்கவேயில்லை என்கிறார் இன்னொரு பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன். பாலேயிலோ ஈட்டிமுனைகளில் தூக்கப்பட்ட உடலுக்கு முழுநீள ஒப்பாரியே நடக்கிறது. ஆனால் இந்த மாற்றங்கள் கண்டபடி செய்யப்பட்டவையல்ல. ஆவணம் சொல்லால் சொல்வதை உடல் சொல்ல வேண்டுமானால், அதற்கு எதிரே இன்னொரு உடல் வேண்டும். இழப்பை ஆட ஒரு பெண்ணும், அவமானத்தை ஆட ஒரு எதிரியும் தேவைப்பட்டதால்தான் அவர்கள் இப்படி மாற்றி அமைக்கப்பட்டனர்.

இன்னொரு ஆட்சேபம் அரசைப் பற்றியது. 1970இல் லெனின் பரிசு பெற்ற படைப்பு அரசின் கொள்கைக்கு ஆடிய ஆட்டம்தானே என்று கேட்கலாம். கொள்கை ஆதரவு இருந்தது உண்மை. ஆயினும் அதே இசையும் அதே கொள்கையும் 1956, 1958, 1962 வடிவங்களுக்கும் இருந்தன. அவை வெவ்வேறு படைப்புகளாக, வெவ்வேறு விளைவுகளோடு அமைந்தன. பொதுவாக இருந்ததைக் கொண்டு வேறுபாட்டை விளக்க முடியாது. மாறியது வடிவம், ஆகவே காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும்.

இதை உறுதிசெய்வது 1975 பிப்ரவரி 20 அன்று போல்ஷோயில் அரங்கேறிய ‘இவான் கொடுங்கோலன்’. அதே பெயரிலான ஐசன்ஸ்டைன் திரைப்படத்துக்கு புரோகோஃபியெவ் அமைத்த இசையை முதன்மையாகக் கொண்டு, புரோகோஃபியெவின் மறைவுக்குப் பின் மிகயில் சுலாக்கி இதன் இசையைத் தொகுத்தார். அப்படத்தின் முதற்பகுதி ஸ்டாலின் பரிசு பெற்றது. இரண்டாம் பகுதி 1946இல் தடைசெய்யப்பட்டு 1958இல்தான் திரைக்கு வந்தது. இவ்வளவு சுமை மிகுந்த ஓர் அரசனை ஆடவைக்க, கிளர்ச்சித் தலைவனுக்குப் பயன்பட்ட அதே உத்தியைக் கிரிகோரோவிச் கையாண்டார். யூரி விளாதிமிரோவ் ஆடிய இவான் அரியணையில் ஒடுங்குகிறான். மனைவி அனஸ்தாசியாவை இழந்து தனியே துடிக்கிறான். முடிவில் மணிக்கயிறுகளுக்குள் சிக்கிக்கொள்கிறான். காட்சிதோறும் மணியடித்து மக்களைக் கூட்டியவர்களின் கயிறுகள் அவை. ஸ்பார்ட்டகஸை மக்களோடு இணைத்த உத்தி, இவானை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. அரசு நிதியில் இயங்கிய அரங்கில், ஒரு வலிய ஆட்சியாளனைத் தன் அதிகாரத்திலேயே சிக்கியவனாகக் காட்ட முடிந்ததற்குத் தனிமொழியே வழிசெய்தது.

விலை என்று முதலில் குறிப்பிட்டது இங்கேதான் வருகிறது. 1560இல் அனஸ்தாசியா இறந்ததற்கும் 1564இல் தளபதி கூர்ப்ஸ்கி லித்துவேனியாவுக்கு ஓடியதற்கும் நடுவே நான்காண்டுகள் உள்ளன. பாலே இரண்டையும் ஒரே காதல் துரோகமாக முடிச்சுப்போடுகிறது. 1565இல் தொடங்கிய ஒப்ரிச்னினா என்னும் அடக்குமுறை ஆட்சி, முகமூடியணிந்த கூட்டத்தின் ஆட்டமாகச் சுருங்குகிறது. 1570இன் நோவ்கொரொத் படுகொலையும், 1581இல் இவான் தன் மகனையே அடித்துக் கொன்றதும் மேடைக்கு வரவில்லை. துயரத்தை ஆடுபவனிடம் பார்வையாளர் இரக்கம் கொள்வது இயல்பு. அந்த இரக்கம் கொடுங்கோலனுக்குச் சலுகையாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. மணிக்கயிற்று முடிவு அதற்கு ஓரளவே பதில் சொல்கிறது. எனவே அரசியல் வாழ்க்கையைச் சொல்லும் பாலேயை மதிப்பிடும்போது, ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மேடையில் யாருக்குத் தனிமொழி கிடைத்தது, யார் கூட்டமாகவே நின்றார்கள் என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் 1968இன் படைப்பு, அடிமைக்கும் அவனை ஒடுக்கியவனுக்கும் குரல் தந்தது. 1975இன் படைப்பு ஆட்சியாளனின் அகத்தைத் திறந்து காட்டியது, ஆளப்பட்டு மாண்டவர்களில் ஒரு சாமானியனுக்கும் தனியாக ஆட இடம் தரவில்லை.