கதைக்குக் கரு எங்கே?

கதை எழுத விழைவோர் பலர், "நல்ல கரு கிடைக்கவில்லையே!" என்று வருந்தக் கேட்கிறோம். கருவுக்குப் பஞ்சம் உண்டென்று நாம் கருதவில்லை. வரலாற்று ஏடுகள் பேச்சை நிறுத்தும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கதை காத்திருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று கூறி அமைகிறது. அவ்வந்தியத்தேவர் எத்தகையர் என்று அது விரித்துரைக்கவில்லை. கல்கியோ, 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையைத் தொடங்கியபோது, அவரையே குதிரையேற்றி வீரநாராயண ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார்!

இத்தகைய மௌனம் சோழநாட்டுக்கு மட்டும் உரியதன்று. அந்தமான் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள சிறிய அந்தமான் தீவை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ்க்கரையில் அமைந்த துறையே ஹட் பே. 1867-ஆம் ஆண்டில் 'அசாம் வேலி' என்னும் கப்பலிலிருந்து இத்தீவில் இறங்கிய சிலர் மீளவில்லை. அவர்களைத் தேடி வந்த ஆங்கிலப் படையினர், மே 7-ஆம் நாள், தீவின் தொல்குடிகளான ஓங்கே மக்களோடு பொருதனர். துப்பாக்கிக்கு எதிரே வில்! தீவினர் பலர் மாண்டனர். பின்னர், கொந்தளிக்கும் அலைகளால் படையினர் கப்பலுக்குத் திரும்ப இயலாது தவிக்க, டக்ளஸ் என்னும் மருத்துவர் உள்ளிட்ட ஐவர் சிறு படகொன்றைச் செலுத்தி அவர்களை மீட்டனர். ஐவருக்கும் விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. பகைவர்முன் காட்டிய வீரத்திற்காக அன்று, அலையோடு போராடியதற்காக! ஐவர் பெயரும் ஏட்டில் நிலைத்துள்ளன. மாண்ட ஓங்கேகளின் பெயர்களை நாம் எங்கும் கண்டிலோம்.

கரு கிடைத்துவிட்டது என்று எழுத்தாளர் துள்ளுவார். உடனே ஓர் ஓங்கே வீரனைப் படைத்து, நம் காவியத் தலைவனைப்போல் முழங்கவும் வைப்பார். பெயரற்றவர்க்கு நம் பெயரைச் சூட்டும் வேலை அது. கருவை அவ்வாறு வளர்த்தலாகாது. அறிந்த செய்தி ஒன்றனோடு அறிந்த செய்தி வேறொன்றைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஹட் பேயைச் சூறையாடியது. அத்தீவிலேயே டுகாங் கிரீக் என்னுமிடத்தில் வாழ்ந்த ஓங்கே மக்களோ, கடல் உள்வாங்கிய குறிப்பறிந்து மேட்டுநிலம் ஏறித் தப்பினர். 1901-இல் 672 பேராக இருந்த அம்மக்கள், 2011 கணக்கெடுப்பில் 101 பேரே. கடலின் குறிப்பு மட்டும் அவர்களுக்கு மறக்கவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்தால் 1867-இன் காட்சி தலைகீழாகிறது. விருது பெறுமளவுக்கு அரியதாய் அயலார்க்குத் தோன்றிய அவ்வலையில், தீவினர் மரக்குடைவு ஓடங்களில் நாளும் சென்று மீன்பிடித்தவர்கள் அல்லரோ? மரச்செறிவில் மறைந்து நின்ற ஒரு முதியவள், உறவினரை இழந்த துயரோடு, அந்த ஐவரும் துடுப்புப் போடும் முறையைக் கண்டு என்ன எண்ணியிருப்பாள்?

ஓங்கே குடியிருப்புகளுக்குள் வெளியார் புகத் தடை உண்டு. அது வேண்டிய தடையே. ஆயின் ஹட் பே கரையில் அமர்ந்து, அலை உடையும் இடத்தையும் உடையாத இடைவெளியையும் ஒரு மாதம் குறித்துவர எவரும் தடை சொல்லார். முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.