கடலும் சொல்லும்

நேருக்கு நேர் வரும் இரு இயந்திரக் கப்பல்கள் மோதும் நிலை ஏற்படின், இரண்டும் வலப்புறம் திரும்புதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு உடன்படிக்கை வகுக்கும் விதி இது. விதி எளியது. ஆயினும் தலைவர் இட்ட கட்டளையைச் சுக்கான் பிடிப்பவர் பிழையாக உணர்ந்தால், விதியால் பயனில்லை. ஆகவே, மோதலைத் தவிர்க்கும் வரலாற்றில் மொழிக்கும் பங்குண்டு. அதனை மூன்று மாற்றங்களால் விளக்க முயல்கிறேன்.

முதலாவது, ஒலி பற்றியது. ஆங்கிலேய மாலுமிகள் கப்பலின் வலப்புறத்தை ஸ்டார்போர்டு என்றும், இடப்புறத்தை லார்போர்டு என்றும் வழங்கினர். ஈற்றொலி ஒன்றாதலின், காற்றின் இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டது. எனவே 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை விலக்கி, போர்ட் என்னும் சொல்லை ஆளுமாறு பணித்தது.

இரண்டாவது, பொருள் பற்றியது. பழைய கலங்களில் சுக்கானை ஒரு கைக்கோல் இயக்கியது. கோலை வலப்புறம் தள்ளினால் கப்பல் இடப்புறம் திரும்பும். கட்டளை கோலின் திசையையே குறித்தது. கோல் மறைந்து சக்கரம் வந்த பின்னும் வழக்கு மாறவில்லை. பிரிட்டிஷ் கப்பலில் ‘ஸ்டார்போர்டு’ என்று ஆணையிட்டால் கப்பல் இடப்புறம் திரும்பியது! வேறு சில நாட்டுக் கப்பல்களிலோ கட்டளை, கப்பல் திரும்பும் திசையைச் சுட்டியது. இம்முரணை 1929ஆம் ஆண்டு லண்டனில் கூடிய கடற்பயண உயிர்ப்பாதுகாப்பு மாநாடு தீர்த்தது. கட்டளைச் சொல் கப்பல் திரும்பும் திசையையே குறிக்க வேண்டும் என முடிவாயிற்று. பிரிட்டன் அதனை 1933இல் நடைமுறைப்படுத்தியது. பொருள் மாற்றம் தலைமுறைகள் பல கடந்து நிகழ்வது என நாம் கற்பிக்கிறோம். இங்கோ சட்டத்தால் ஒரு சொல் தன் எதிர்ப்பொருளை ஏற்றது.

மூன்றாவது, பயன்பாடு பற்றியது. வானொலி வந்தபின் வெவ்வேறு தாய்மொழியினர் கடலில் நேரடியாக உரையாடலாயினர். அவர்களுக்கென 1977இல் ஒரு சொற்றொகுதியும், 2001இல் விரிவான தொடர்த்தொகுதியும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பால் ஏற்கப்பட்டன. இத்தொடர்களில் எண்கள் இலக்கம் இலக்கமாக ஒலிக்கப்படும். நூற்றைம்பது என்பது ‘ஒன்று, ஐந்து, சுழியம்’ ஆகும். கூறுவது வினாவா, எச்சரிக்கையா, அறிவுறுத்தலா என்பதை முன்னரே சொல்லலாம். இருபொருள் தரும் துணைவினைகள் தவிர்க்கப்படும். தமிழிலும் இச்சிக்கல் உண்டு. ‘கப்பல் நுழையலாம்’ என்பது இசைவா, நிகழக்கூடும் என்னும் ஊகமா? கரையில் இருப்போர் மீண்டும் கேட்டுத் தெளியலாம். குறுகிய நீர்வழியில் அதற்கு நேரம் இராது.

சிங்கப்பூர் நீரிணையில் எதிரெதிர்த் திசைக் கப்பல்களுக்குத் தனித்தனி வழிகள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. அவ்வழிகளை இன்று பல மொழியினர் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்கள் பேச்சில் ஐயம் எழாதிருத்தல் உயிர்களைக் காக்கும். தெளிவாகச் சொல்லுதலை மாணவர்க்குப் பயிற்றும் ஆசிரியர், கட்டுரைக்கு மதிப்பெண் இடும்போது இதனையும் நினைவிற்கொள்ளுதல் நன்று.